பள்ளி வாசலில் யார் நிற்பது?

(சர்க்கார் நடுநிலைப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஆற்றிய உரை)



முதலில் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், பெஞ்சு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். தலைமையாசிரியரும் ஆட்சேபிக்கமாட்டார் என்றார்கள். நாங்கள்தான் வேண்டாமென்று சொல்லி, எதிரே இருக்கிற இந்த நூலகத் திண்ணையில் உங்களை உட்காரவைத்திருக்கிறோம். இன்று பேச வந்த விஷயமே பள்ளிக்கூடத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது, வருகிறவனை நிறுத்திக் கேட்பது யார் என்பதுதான். அதைப் பேசுவதற்கென்றே ஒரு கட்சிக்காரன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, கேட்டைத் தள்ளித் திறந்து உள்ளே போனான் என்றால் அதைவிடக் கேலிக்கூத்து வேறு வேண்டாம். வெயிலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நமது தஞ்சைக் கடற்கரையில் மல்லிப்பட்டினம் என்ற மீனவர் ஊர். அங்கே சர்க்கார் பள்ளியில் ஒரு பெண் தமிழ் கற்பித்துவந்தாள். வயது 26. நிரந்தர உத்தியோகம் அல்ல, தற்காலிக ஆசிரியை. காலையில் பள்ளி நடந்துகொண்டிருக்கும்போது ஒருவன் உள்ளே வந்தான். பெண் கேட்டு, இல்லை என்று சொல்லப்பட்டவன். அவன் கையில் கத்தி இருந்தது. பிள்ளைகள் படிக்கிற அந்தக் கட்டடத்திலேயே அவளைக் குத்தினான். அவள் பிழைக்கவில்லை.

அன்று சாயந்திரமே நமது டீக்கடைகளில் என்ன பேசினார்கள்? "அது அவர்கள் சொந்த விவகாரம். பள்ளிக்கூடம் என்ன செய்யும்?" என்று பேசினார்கள். நமது தோழர்களில் சிலரும் அப்படிப் பேசினார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். இது சரியான பேச்சா? பெண் கேட்டதும் மறுத்ததும் சொந்த விவகாரமாக இருக்கட்டும். பள்ளி நேரத்தில், பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆண்பிள்ளை, யாரும் நிறுத்தாமல், யாரும் "என்னப்பா, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்காமல், ஆசிரியை இருக்கிற இடம்வரை போய்ச் சேர முடிந்ததே, அது யாருடைய சொந்த விவகாரம்? வேலை செய்கிற இடத்தில் ஒரு தொழிலாளிக்கு உயிர்ப் பாதுகாப்பு வேண்டும் என்று ஆலைக்கும் சுரங்கத்துக்கும் பேசுகிற நாம், சாக்குக்கட்டி பிடிக்கிற கைக்கு மட்டும் அது வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

இன்னொரு சம்பவத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதே 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் நடத்துகிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. உடுப்பு, விசில், அணிவகுப்பு எல்லாம் சரியாக இருந்தன. பெண் குழந்தைகள் இரவில் பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். அப்படித் தங்கிய 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் பலாத்காரத்துக்கு உள்ளாக்கப்பட்டாள். பிறகு விசாரித்தால் அது என்.சி.சி.யே அல்ல, என்.சி.சி.க்கும் அந்த முகாமுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உண்மையான ஸ்தாபனத்தின் அலுவலகத்துக்கு ஒரு டெலிபோன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு டெலிபோனை யாரும் போடவில்லை. பிள்ளை வந்து சொன்ன பிறகும் விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கப் பார்த்தார்கள் என்று நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள்.

மல்லிப்பட்டினத்துக்கு வந்தவன் தெரிந்த ஆளாக வந்தான். கிருஷ்ணகிரிக்கு வந்தவர்கள் பெரிய ஸ்தாபனமாக வந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு சுவரேறிக் குதித்த திருடன் யாருமில்லை. எல்லாரும் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். நம்மில் பலர் பள்ளிப் பாதுகாப்பு என்றதும் சுவரைப் பற்றியே பேசுவதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சுவர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அந்தச் சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பள்ளிக்கு என்னென்ன இருக்கவேண்டும் என்ற கணக்கு அது. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், சமையல் கூடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி என்று வரிசையாகப் போகிறது. நாங்கள் இந்த அட்டவணையைப் பலமுறை படித்துப் பார்த்தோம். சுவர் இருக்கிறது. சுவரில் விடுகிற வாசலில் நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பது அந்த அட்டவணையில் எங்கேயும் இல்லை! சட்டம் எழுதியவர்களுக்குச் செங்கல் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. செங்கல்லுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், கல்வெட்டில் பேரும் போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கவேண்டும்.

சுவரே எமனாக வருவதும் உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் சர்க்கார் உதவி பெறும் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். அடைத்த கட்டடம் எப்படி இருக்கும் என்பதைக் கும்பகோணம் காட்டியது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி. சமையல் கொட்டகையில் பற்றிய நெருப்பு மாடிக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள், குறுகலான படிக்கட்டு, மேலே கீற்றுக்கூரை, உள்ளே நூற்றுக்கணக்கில் குழந்தைகள். 94 குழந்தைகள் கருகிச் செத்தார்கள். நம்மில் அன்று கும்பகோணத்துக்குப் போன தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்றுவரை அதைப்பற்றி முழுவதும் பேசி நாங்கள் கேட்டதில்லை. அந்தத் தீவிபத்தை ஒட்டிச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கில்தான் 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: கல்வி பெறும் உரிமை என்றால் பயமில்லாத, பத்திரமான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்று கோர்ட்டு சொன்னது. ஆகையால் வாசலைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால், சாவி யாரிடம் இருக்கும், நெருப்புப் பிடித்தால் எத்தனை நிமிஷத்தில் திறப்பாய் என்று கேளுங்கள். உள்ளே வருகிறவனை நிறுத்தவும் வேண்டும், உள்ளே இருக்கிற பிள்ளை ஒரே ஓட்டத்தில் வெளியே வரவும் வேண்டும். பூட்டால் இரண்டையும் செய்ய முடியாது. வாசலில் ஒரு மனிதர் இருந்தால் முடியும்.

காமிராவைப் பற்றியும் சொல்லவேண்டும். காமிரா நடந்ததைக் காட்டும், நடக்காமல் தடுக்காது. பூட்டும் காமிராவும் போலீசும் குறைவில்லாத அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து யுவால்டி ஊரில் 2022ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி ஒருவன் துப்பாக்கியோடு ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்தான். கதவைச் சாத்தியிருந்தார்கள், தானாகப் பூட்டிக்கொள்ளவேண்டிய பூட்டு பூட்டிக்கொள்ளவில்லை. போலீஸ் சில நிமிஷங்களிலேயே வந்துவிட்டது. வந்தும் 77 நிமிஷம் வகுப்பறைக்கு வெளியே நின்றது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டார்கள். கடையில் துப்பாக்கி வாங்கக்கூடிய அந்த நாட்டின் வியாதி வேறு, நமது நிலைமை வேறு. அதை இங்கே கொண்டுவந்து உங்களைப் பயமுறுத்த நாங்கள் விரும்பவில்லை. சாமானை நம்பி மனிதனை மறந்தால் என்ன ஆகும் என்பதற்காக மட்டும் சொன்னோம்.

வாசலில் மனிதர் வேண்டும் என்று நாங்கள் சொல்லும்போது சிலர் உடனே வேறொன்று சொல்கிறார்கள். "இந்த ஆயா, வாட்ச்மேன், வண்டி ஓட்டுகிறவன் இவர்களை நம்பமுடியுமா? எல்லாத் தப்பும் இவர்களிடமிருந்துதானே வருகிறது!" என்கிறார்கள். இதற்கு அரியானா மாநிலத்துக் குருகிராமில் நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, அங்கே பெரிய தனியார் பள்ளி ஒன்றின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். அன்றைக்கே போலீஸ் பள்ளிப் பேருந்தின் கண்டக்டரைப் பிடித்தது. ஏழை. குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று போலீஸ் சொன்னது. நாடே அவனைத் தூக்கில் போடச் சொன்னது. அங்கே இருந்த வக்கீல்கள் அவனுக்காக ஆஜராகமாட்டோம் என்றார்கள். உடனே உத்தரவுகள் பறந்தன: ஆயா, டிரைவர், கண்டக்டர், பெருக்குகிறவர் எல்லாரையும் போலீஸ் சரிபார்க்கவேண்டும், அவர்கள் மனநிலையைப் பரீட்சை செய்யவேண்டும் என்றார்கள். விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போனபிறகு, கொலை நடந்து இரண்டு மாதத்தில் என்ன வெளிவந்தது? கண்டக்டருக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை. அதே பள்ளியில் பதினோராம் வகுப்புப் படித்த ஒரு மாணவனைச் சி.பி.ஐ. பிடித்தது. கண்டக்டர் இரண்டு மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்து, பிறகு கோர்ட்டால் விடுவிக்கப்பட்டார். பொய்யாக அவரைச் சிக்கவைத்தார்கள் என்று போலீஸ் உத்தியோகஸ்தர்கள்மீதே பிற்பாடு சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை போட்டது.

வேலைக்கு எடுப்பவர்களைச் சரிபார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயாவைச் சரிபார்க்கிறாயா, தாளாளரையும் சரிபார். டிரைவரைச் சரிபார்க்கிறாயா, பயிற்சி கொடுக்க வருகிற சாரையும் சரிபார். மண்வெட்டி பிடித்த கைதான் குற்றம் செய்யும், மோதிரம் போட்ட கை செய்யாது என்று சாஸ்திரம் இருக்கிறதா என்ன?

இப்போது நமது ஊர்ப் பள்ளிக்கு வருவோம். இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் சபையில் ஒருமுறை சொல்லவேண்டும்.

இந்தப் பள்ளியின் கேட்டுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, கொண்டி இல்லை. கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். விடியற்காலையில் முதலில் உள்ளே போவது யார்? காலைச் சிற்றுண்டி சமைக்கிற பெண்கள். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் திட்டம் ஆரம்பித்தது. குழந்தைகளுக்கு நல்ல காரியம். ஆனால் இருட்டோடு இரண்டு பெண்கள் தனியாக அந்தக் கட்டடத்தைத் திறந்துகொண்டு போகிறார்களே, முந்திய இரவு வராந்தாவில் குடித்துவிட்டுக் கிடப்பவனை யார் எழுப்புவது என்று யோசித்தோமா? அந்தப் பெண்களே எழுப்புகிறார்கள். பாட்டில் ஓட்டை அவர்களே பொறுக்குகிறார்கள். பிறகு ஆசிரியர்கள் வருகிறார்கள், பிள்ளைகள் வருகிறார்கள். நாள் முழுவதும் வாசலில் இருப்பது யார் என்றால், வேலைக்கணக்கில் யாருமில்லை. உண்மையில் இருப்பது பெருக்குகிற அம்மாள். அவருக்கு மாதச் சம்பளம் ஆயிரத்துச் சொச்சம். அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வரும். அவர் பேரை நாங்கள் இங்கே சொல்லவில்லை. அவரே வேண்டாம் என்றார்.

சென்ற வருஷம் பொங்கல் விடுமுறைக்கு முந்திய வாரம், மத்தியானம், ஓர் ஆள் வந்தான். நாலாம் வகுப்பில் படிக்கிற பெண் பிள்ளையின் தகப்பன். தாயை அடித்துவிட்டுப் போய் இரண்டு வருஷமாக வேறு ஊரில் இருக்கிறவன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். தகப்பன் என்பது உண்மை. யார் இல்லையென்று சொல்ல முடியும்? நமது அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "தம்பி, நீ அப்பன்தான். ஆனால் சேர்த்தது அவள். அவள் வந்து சொல்லட்டும்" என்றார். அவன் கை ஓங்கினான். ஓங்கியதோடு நிற்கவில்லை. அம்மாளின் காதோலை அறுந்தது. அவர் நகரவில்லை. சத்தம் கேட்டு ஆசிரியர்கள் வந்து, தாய் வயலிலிருந்து ஓடிவந்து, பஞ்சாயத்தார் வந்து, அவன் போய்விட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கு இன்றும் உறுத்துகிறது. அம்மாளின் காதுக்குத் தையல் போட யார் பணம் கொடுத்தது? அவரே கொடுத்தார். சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போய் நாங்கள் விசாரித்தபோது, "அவங்க வேலை பெருக்கறது மட்டும்தான் சார், கேட்டுல நிக்கச் சொல்லி யார் சொன்னது?" என்று கேட்டார் ஒரு உத்தியோகஸ்தர். அவர் கெட்டவர் அல்ல. ரிஜிஸ்டரில் இருப்பதைச் சொன்னார். ரிஜிஸ்டரில் வாசலுக்கு ஆள் இல்லை. ஆகவே வாசலில் நின்றது குற்றம் போல ஆகிவிட்டது.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி இந்தப் பள்ளிக்காக நாங்களே ஒரு மனு கொடுத்தோம். ஐந்நூறு கையெழுத்து வாங்கினோம். என்ன கேட்டோம் தெரியுமா? சுற்றுச்சுவரின் மேற்குப் பக்கம் கட்டித்தரவேண்டும், நாலு காமிரா வேண்டும் என்று கேட்டோம். ஓர் ஆள் வேண்டும் என்று அந்த மனுவில் நாங்கள் எழுதவில்லை. தொழிலாளிக்காகக் கட்சி நடத்துகிற நாங்கள், வாசலில் வேலை செய்கிற தொழிலாளியை மனுவில் எழுத மறந்துபோனோம். மேற்குச் சுவர் வந்தது. காமிரா இரண்டு வந்தது. ஒன்று வேலை செய்கிறது. அந்தக் காமிராவில் அம்மாள் அடிபட்டது தெளிவாகத் தெரிகிறது.

ஆள் வேண்டும் என்று கேட்டால் கம்பெனி மூலம் கான்ட்ராக்டில் ஆள் தருகிறோம் என்பார்கள். நீல உடுப்புப் போட்ட ஒருவர் வருவார். மூன்று மாதத்தில் மாற்றிவிடுவார்கள். எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எந்த மாமன் உண்மையான மாமன், எந்த வீட்டில் சண்டை என்பது அவருக்குத் தெரியுமா? நமது அம்மாளுக்குத் தெரிந்தது. அதனால்தான் தகப்பனையே நிறுத்த முடிந்தது. இந்த ஊர் ஆள், நிரந்தர வேலை, உயிர்வாழப் போதுமான சம்பளம், அடிபட்டால் வைத்தியச் செலவு, இதைத்தான் கேட்கவேண்டும். பணமில்லை என்ற பதில் வரும். மத்திய சர்க்கார் 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சேரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்ற சாக்கில் நிறுத்திவைத்தது. பிள்ளைகள் பணத்தைப் பணயமாகப் பிடிப்பது அக்கிரமம். அதற்காக, எல்லாப் பாரத்தையும் டில்லியின் தலையில் போட்டுவிட்டு மாநில சர்க்கார் ஒதுங்கிக்கொள்ளவும் நாம் விடக்கூடாது. வாட்ச்மேன் வேலை டில்லி ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கவேண்டிய வேலை அல்ல.

வாசலில் ஆள் வந்துவிட்டால் இன்னொரு ஆபத்து வரும். அதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. நாற்று நட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு ஓடிவருகிற தாயை, "ஏய், யாரு நீ, அப்புறம் வா" என்று வெயிலில் நிறுத்துவார்கள். காரில் வந்து இறங்குகிற வெள்ளைச்சட்டைக்குக் கேட்டைத் திறந்துவிட்டுச் சலாம் போடுவார்கள். பல தனியார் பள்ளிகளில் இன்று நடப்பது இதுதான். பள்ளிக்கூடம் ஜனங்களுடைய சொத்து. பிள்ளையின் தாய் அங்கே அன்னியர் அல்ல. அவருக்கு நிழலில் ஒரு பெஞ்சும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கவேண்டும், ஐந்து நிமிஷத்தில் ஆசிரியர் வந்து பேசவேண்டும். கேள்வி அவருக்கும் உண்டு, வெள்ளைச்சட்டைக்கும் உண்டு. கவுன்சிலர், அதிகாரி, நோட்டுப் புத்தகம் தானம் செய்ய வருகிறவர், பேச்சுக் கொடுக்க வருகிறவர், எங்களைப் போன்ற கட்சிக்காரர், எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஒரு சர்க்கார் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று ஒருவரை மேடையேற்றினார்கள். அவர் முன்ஜென்ம பாவத்தால்தான் ஊனமாகப் பிறக்கிறார்கள் என்று குழந்தைகளிடம் பேசினார். கண் பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று ஆட்சேபித்தார். அந்த ஆசிரியரையே எதிர்த்துப் பேசினார் அந்த மனிதர். அவர் கத்தி கொண்டுவரவில்லை. இருந்தாலும் யார், எதற்கு, என்ன பேசப்போகிறார் என்று கேட்காமல் உள்ளே விட்டதன் பலன்தான் அதுவும்.

நடைமுறையில் என்ன செய்யவேண்டும் என்று தாய்மார்கள் கேட்டிருந்தீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பள்ளி நேரத்தில் ஒரு வாசல்தான் திறந்திருக்கவேண்டும். வந்தவர் பேர், ஊர், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று நோட்டில் எழுதவேண்டும். வகுப்பறைப் பக்கம் அவர் போகக்கூடாது. அவர் இருக்கிற இடத்துக்கு ஆசிரியர் வரவேண்டும், தனியாக அல்ல, இன்னொருவர் கண்ணில் படுகிற இடத்தில். பிள்ளையைச் சேர்க்கும்போதே இன்னின்னாரிடம்தான் பிள்ளையை விடலாம் என்று தாயோ பாதுகாவலரோ பேர் எழுதிக்கொடுக்கவேண்டும். கோர்ட்டு உத்தரவு இருந்தால் அதன் நகலும் அதிலேயே இருக்கவேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் சொந்த மாமனே ஆனாலும் டெலிபோனில் கேட்காமல் விடக்கூடாது. வெளியிலிருந்து பயிற்சி, முகாம், யோகா, ஓவியம் என்று யார் வந்தாலும் கல்வி அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தில் இருக்கிற நம்பருக்கு அல்ல, அந்த ஸ்தாபனத்தின் சொந்த அலுவலகத்தைத் தேடிப் பிடித்துப் பேசவேண்டும். கடிதம் போலியானால் நம்பரும் போலியாகத்தானே இருக்கும்! பிள்ளைகளோடு அவர்கள் இருக்கிற நேரமெல்லாம் நமது ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும்; பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை.

ஆசிரியைகளைப் பற்றி ஒன்று. தன்னை ஒருவன் தொடர்ந்து தொந்தரவு செய்கிறான் என்று ஒரு பெண் தலைமையாசிரியரிடம் சொன்னால், "உன் வீட்டு விவகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுவராதே" என்று சொல்லக்கூடாது. அதிலும் தற்காலிக ஆசிரியைகள் வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். சொன்னால் வாசலுக்குத் தகவல் போகவேண்டும், போலீசுக்கும் போகவேண்டும், அவளுடைய வேலைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. இதைக் கமிட்டியில் தீர்மானமாக எழுதிவைக்கவேண்டும்.

பிள்ளைகள் ஏதாவது சொன்னால் அமுக்குகிற வழக்கத்தையும் விடவேண்டும். ஊர் மானம், பள்ளி மானம் என்று பேசுவார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417, இந்த இரண்டு நம்பர்களையும் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளையின் கண் உயரத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இப்போது தலைமையாசிரியர் அறையில், பீரோவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டகச்சிவிங்கிதான் படிக்கவேண்டும்.

சாயந்திரத்துக்குப் பின் மைதானத்தில் வாலிபர்கள் பந்து விளையாடுகிறார்களே, அவர்களையும் துரத்தவேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். விளையாடுகிறவன் இருக்கிற இடத்தில் குடிக்கிறவன் உட்காரமாட்டான். சாவி யாரிடம், எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வேலை விஷயம். பள்ளி மேலாண்மைக் கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று அதே 2009ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. நமது கமிட்டியில் அப்படித்தான் இருக்கிறார்கள், காகிதத்தில். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆறு பேர். நோட்டு வீட்டுக்கு வருகிறது, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறீர்கள். இந்தமுறை அப்படி வேண்டாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கமிட்டி கூடுகிறது. அன்று அறுப்பு இருக்கிறது என்பது தெரியும். மிராசுதாரிடம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கரையேறக் கேட்பதற்கு நாங்களும் கூட வருகிறோம்.

தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம், படிக்கிறோம். ஒன்று, பள்ளி வாசலுக்கு இந்த ஊரைச் சேர்ந்த ஒருவரை நிரந்தர ஊழியராக நியமிக்கவேண்டும். இரண்டு, அதுவரை வாசலில் நிற்கிற அம்மாளுக்கு அந்த வேலைக்குரிய கூடுதல் சம்பளமும், பாக்கியாக இருக்கிற மூன்று மாதச் சம்பளமும், காதுத் தையலுக்கு ஆன செலவும் கொடுக்கவேண்டும். மூன்று, கேட்டுக்குக் கொண்டி. இந்த மூன்றாவதற்கு யாரையும் எதிர்பார்க்கவேண்டாம் என்று நமது கொல்லுப்பட்டறைத் தோழர் சொல்கிறார். நாளைக் காலையில் அவரே வந்து போட்டுவிடுகிறாராம். முதல் இரண்டுக்கும் கையெழுத்து வேண்டும். நோட்டு அந்த மேஜைமேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டி கொண்டுவந்திருக்கிறோம். வரிசையாக வாருங்கள்.